ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்: ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பிரச்சினைகளும் அவற்றின் காரணங்களும்

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன் முடிந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இனிமே எல்லாப் பிள்ளைங்க மாதிரி வெளிக்குப் போவானா டாக்டர்?" பெரும்பாலான குழந்தைகள் போவார்கள். ஆனால் ஆபரேஷன் ஆன அன்றே கிடைத்துவிடும் பலன் இல்லை இது. சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்குப் பத்து வருடம் ஆகும். இடையில் மூன்று தொல்லைகள் வரலாம்: வயிறு மறுபடி உப்பி மலம் தங்குவது, குடல் அழற்சிக் காய்ச்சல், ஜட்டியில் மலம் கசிவது. மூன்றுக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியும். "ஆபரேஷன் பண்ணினா இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று தள்ளிவிடுவதால்தான் பல குழந்தைகள் வீணாக வருடங்களை இழக்கிறார்கள்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. கரு வளரும்போது குடலை இயக்கும் நரம்பணுக்கள் உணவுக்குழாயிலிருந்து தொடங்கி ஆசனவாய் நோக்கிக் கீழே இறங்கி வருகின்றன. 12ஆம் வாரத்துக்குள் அந்தப் பயணம் முடிந்திருக்க வேண்டும். வழியில் எங்காவது நின்றுவிட்டால் அதற்குக் கீழே உள்ள குடல் தளர்ந்து கொடுக்காது, இறுகியே இருக்கும். மலம் அதற்கு மேலே தேங்கும், மேல் குடல் பலூனாக விரியும். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம். பத்தில் எட்டுப் பேருக்கு மலக்குடலும் அதை ஒட்டிய வளைவும் மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கும். நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பெருங்குடல் முழுவதுமே நரம்பணு இல்லாமல் இருக்கும்.

டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் இப்படி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். விரிந்து பெருத்த குடலே நோய் என்று அவர் நினைத்தார். பல பத்தாண்டுகள் மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள். விரிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள், சில மாதங்களில் மேலே உள்ள குடல் மறுபடி விரிந்தது. பார்வைக்கு இயல்பாகத் தெரிந்த கீழ்ப்பகுதியில்தான் கோளாறு இருந்தது. அதைப் புரிந்துகொண்டு, நரம்பணு இல்லாத பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு தைக்கும் முறையை 1948இல் ஆர்வர் ஸ்வென்சன் வெளியிட்டார். இன்று செய்யப்படும் எல்லா முறைகளும் அதன் வழிவந்தவையே.

ஆபரேஷனின் பலன், நோயை எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளில் நூறில் 95க்கு மேல் முதல் 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சையாக, ஒட்டும் பிசின் மாதிரியான முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். நம் ஊரில் இங்கேதான் ஒரு சிக்கல். வயிறு உப்பினால் மாந்தம் என்பார்கள். மலம் போகவில்லை என்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். ஹிர்ஷ்ஸ்ப்ரங் உள்ள குழந்தைக்கு அப்படி வைத்ததும் இறுகிய தசைக்குள் ஒரு வழி திறந்து, தேங்கிய காற்றும் மலமும் பீய்ச்சி அடித்துக்கொண்டு வரும். வயிறு வடிந்துவிடும், குழந்தை பால் குடிக்கும், வீட்டில் நிம்மதி. மூன்று நாளில் மறுபடி அதே கதை. மருத்துவமனையில் சோப்பு மாதிரியான சப்போசிட்டரி வைத்து அனுப்பினாலும் இதேதான் நடக்கும். வெற்றிலைக் காம்போ சப்போசிட்டரியோ வைத்தால் மட்டுமே மலம் போகும் பச்சிளங்குழந்தையை மலச்சிக்கல் என்று ஒதுக்காமல் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பீய்ச்சலே ஒரு அறிகுறிதான்.

தாமதமாகக் கண்டுபிடித்தால் என்ன இழப்பு? மேல் குடல் அளவுக்கு மீறி விரிந்து, சுவர் தடித்திருக்கும். அதை அப்படியே கீழே இழுத்து ஆசனவாயோடு தைக்க முடியாது, அளவு பொருந்தாது. முதலில் வயிற்றில் கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றுத் தோலில் குடலைத் திறந்துவிடுவது) போட்டு, குடல் சுருங்க மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகே பெரிய ஆபரேஷன். ஒன்றாக முடிய வேண்டியது இரண்டு மூன்றாகிவிடும்.

பரிசோதனைகளில் கான்ட்ராஸ்ட் எனிமா முதலில்: எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஆசனவாய் வழியாக விட்டுப் படம் எடுப்பது. இதற்கு முன் குடலைக் கழுவக் கூடாது, விரல் விட்டும் பார்க்காமல் இருப்பது நல்லது. கழுவிவிட்டால் குறுகிய பகுதிக்கும் விரிந்த பகுதிக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் மறைந்துபோகும். சாதாரணமாக மலக்குடல்தான் அகலமாக இருக்கும். அது மேலே உள்ள வளைவைவிடக் குறுகியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. 24 மணி நேரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து மருந்து உள்ளேயே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் படம் சந்தேகத்தை மட்டுமே தரும். முடிவு சொல்வது, சிறு திசுத் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸி.

பயாப்ஸியை எங்கே எடுக்கிறார்கள் என்பது முக்கியம். ஆசனவாய்க்குள் தோலும் குடலின் உட்சவ்வும் சந்திக்கும் இடத்துக்கு டென்டேட் கோடு என்று பெயர். அதற்கு நெருக்கமாக எடுத்தால் ஆரோக்கியமான குழந்தைக்கும் நரம்பணுக்கள் குறைவாகவே இருக்கும், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடலாம். 2 செ.மீ. போல மேலே எடுக்க வேண்டும். சவ்வை மட்டும் கிள்ளி எடுத்தாலும் பயனில்லை, அதன் அடியில் உள்ள அடுக்கும் வந்திருக்க வேண்டும். நோய் இருந்தால் நரம்பணுக்கள் இருக்காது, தடித்த நரம்பிழைகள் தெரியும், கால்ரெட்டினின் என்ற புரதத்துக்கான சாயம் பிடிக்காது. "போதிய திசு இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி எடுக்க வேண்டியதுதான். பெற்றோருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அரைகுறைத் துண்டை நம்பிக் குடலை வெட்டுவதைவிட அது மேல்.

ஆபரேஷன் வரைக்கும் குழந்தையைக் காப்பாற்றுவது, ட்யூப் விட்டுக் குடலைக் கழுவும் வாஷ்தான். இதை எனிமாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எனிமாவில் திரவத்தை உள்ளே விட்டுவிட்டு, குழந்தை தானே வெளியேற்றும் என்று காத்திருப்போம். இந்தக் குழந்தையால் அது முடியாது, உள்ளே விட்டது உள்ளேயே நிற்கும். வாஷில், விட்ட ட்யூப் வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். மென்மையான, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் அளவில் அகலமான ட்யூபை ஜெல்லி தடவி மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும், குறுகிய பகுதியைத் தாண்டி விரிந்த பகுதிக்குள் அதன் நுனி போக வேண்டும். போனதும் காற்று புஸ்ஸென்று வெளியேறும், வயிறு கண்ணெதிரே வடியும். பிறகு வெதுவெதுப்பான நார்மல் சலைனை, பச்சிளங்குழந்தைக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 20 மி.லி. என்று சிரிஞ்சில் விட்டு, சிரிஞ்சைக் கழற்றி, ட்யூபின் வெளிமுனையைத் தாழ்த்திக் கிண்ணத்தில் வடியவிட வேண்டும். ட்யூபைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, வயிற்றை இடது பக்கமாக மெல்லத் தடவிக்கொடுத்து, மறுபடி விட வேண்டும். தெளிவாக வரும்வரை இது தொடரும்.

வாஷில் தவறு நடப்பது மூன்று இடங்களில். மெலிந்த ஃபீடிங் ட்யூப் எடுத்தால் மலத்துணுக்கு அடைத்துக்கொண்டு எதுவும் வராது. விட்ட அளவும் வந்த அளவும் குறித்து வைக்காவிட்டால், உள்ளே எவ்வளவு தங்கிவிட்டது என்று தெரியாது. மூன்றாவதுதான் உயிருக்கு ஆபத்தானது: சலைனுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர். விரிந்த குடல் வெறுந்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ரத்தத்தில் சோடியம் இறங்கும், குழந்தைக்கு வலிப்பு வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் பாட்டிலே பாதுகாப்பு. அதுவும் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவை வார்டு நர்ஸிடம் கேட்டு, நேரில் அளந்து பழகிக்கொள்ள வேண்டும். கண் அளவில் போடுகிற வேலை இல்லை இது. சோப்பு நீர் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

இனி ஆபரேஷன். ஸ்வென்சன் முறையில் மலக்குடலை முழுக் கனத்தோடு எடுத்துவிடுகிறார்கள். 1956இல் பிரான்ஸின் துயமெல் பழைய மலக்குடலை முன்பக்கம் விட்டுவிட்டு, நல்ல குடலைப் பின்பக்கமாக இறக்கி இரண்டையும் ஒன்றாக்கினார். இத்தாலியின் சோவாவே உட்சவ்வை மட்டும் உரித்தெடுத்து, தசைக் குழாய்க்குள் நல்ல குடலை இழுத்தார். 1998இல் மெக்சிகோவின் டே லா டோரே, ஓர்ட்டேகா இருவரும் வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே முழு வேலையையும் முடிக்கும் முறையை வெளியிட்டார்கள். சிறு பகுதி நோய்க்கு இன்று அதிகம் நடப்பது இதுதான், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) உதவியோடோ இல்லாமலோ.

"எந்த முறை பெஸ்ட்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முறையின் பெயரைவிட, மேலே எங்கே வெட்டினார்கள், கீழே எங்கே தொடங்கினார்கள் என்ற இரண்டும் பெரியவை. அந்தக் குழுவினர் எந்த முறையை அடிக்கடி செய்து கை பழகியிருக்கிறார்களோ அதுவே அந்தக் குழந்தைக்கு நல்ல முறை.

மேல் வெட்டைப் பார்ப்போம். நரம்பணு இல்லாத குடலும் நல்ல குடலும் கோடு கிழித்தாற்போல் பிரிவதில்லை. இடையில் அரைகுறையாக நரம்பணு உள்ள ஒரு பகுதி இருக்கிறது, அதுவும் குடலின் சுற்றளவில் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து சிறு துண்டு எடுத்து "நரம்பணு இருக்கிறது" என்று ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்ஷனில் வந்தால், அந்த இடத்திலேயே வெட்டித் தைத்துவிடக் கூடாது. மறுபக்கம் இன்னும் கோளாறான குடலாக இருக்கலாம். அதனால் நல்ல துண்டு கிடைத்த இடத்திலிருந்து 5 செ.மீ. போல மேலே போய் வெட்டி, வெட்டிய முனையின் முழு வளையத்தையும் நோயியல் மருத்துவருக்கு அனுப்புவது பாதுகாப்பான வழக்கம். அந்த வளையத்தில் எல்லாப் பக்கமும் நரம்பணு இருக்க வேண்டும், தடித்த நரம்பிழை இருக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் வயிறு உப்பி வரும் குழந்தைகளில் ஒரு பங்கினருக்குக் காரணம், இந்த இடைப்பட்ட குடலையே இழுத்துத் தைத்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. எனிமாப் படத்தில் தெரியும் மாறும் இடமும் பயாப்ஸியில் தெரியும் இடமும் சில குழந்தைகளில் ஒத்துப்போவதில்லை. படத்தை நம்பிக் கீழிருந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டு, பாதியில் பெருங்குடல் முழுவதும் நோய் என்று தெரிந்தால் திரும்ப வழியில்லை. தொப்புள் வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ முதலில் துண்டெடுத்து, நல்ல குடல் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டபின் கீழே கை வைப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம். பச்சிளங்குழந்தையின் நரம்பணுக்கள் முதிராமல் சிறிதாக இருக்கும், ஃப்ரோசன் செக்ஷனில் அவற்றை அடையாளம் காண அனுபவம் வேண்டும். அப்படிப்பட்ட நோயியல் மருத்துவர் அன்று இல்லை என்றால், ஒரு கொலாஸ்டமி போட்டுவிட்டு முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

கீழ்ப்பக்கம் இன்னும் நுட்பமானது. டென்டேட் கோட்டையும் அதற்குக் கீழுள்ள தோலையும் காப்பாற்றியே ஆக வேண்டும். வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியான மலமா என்று பிரித்து அறியும் உணர்வு அங்கேதான் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு அந்தக் கோட்டிலிருந்து 5 முதல் 10 மி.மீ. மேலேயும், வளர்ந்த குழந்தைக்கு 1 முதல் 2 செ.மீ. மேலேயும் தொடங்க வேண்டும். விரிப்பான் கொக்கிகளைக் கோட்டுக்குள் மறைத்து மாட்டி, கோடு கண்ணில் படாமலும் கத்தி படாமலும் பார்த்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் ஆசனவாயை அகல இழுத்து வைத்தால் சுருக்குத்தசை கிழியும். மேல் வெட்டில் நடந்த தவறை மறு ஆபரேஷனில் திருத்தலாம். டென்டேட் கோடு போய்விட்டால் அதைத் திரும்ப உண்டாக்க வழியில்லை.

முறைக்கு முறை தனித் தொல்லைகளும் உண்டு. சோவாவேயில் விட்டுவைத்த தசைக் குழாய் நீளமாக இருந்தால் உள்ளே இழுத்த குடலை நெருக்கும். அதனால் குட்டையாக விட்டு, பின்பக்கம் நெடுகப் பிளந்துவிடுகிறார்கள். துயமெலில் முன்பக்கப் பழைய மலக்குடல் பையாக விரிந்து மலக்கட்டி தேங்கலாம், இரண்டு குடலுக்கும் நடுவில் ஒரு சுவர் மீந்து நிற்கலாம். ஸ்வென்சனில் மலக்குடல் சுவரை ஒட்டியே பிரிக்காவிட்டால் சிறுநீர்ப் பை நரம்புகளுக்குச் சேதம். எந்த முறையானாலும், கீழே இழுக்கும்போது குடல் முறுக்கிக்கொண்டாலோ, இழுவிசையில் ரத்த ஓட்டம் குறைந்தாலோ, தையல் விடும் அல்லது இறுகிச் சுருங்கும்.

முதல் சில வாரங்களில் பெற்றோரைப் பாடாய்ப் படுத்துவது ஆசனவாயைச் சுற்றிய புண். குழந்தை நாளுக்குப் பத்துத் தடவைக்கு மேல்கூடச் சிறிது சிறிதாகப் போகும். தேங்கி நின்று நீர் வற்ற இடமாக இருந்த மலக்குடல் இப்போது இல்லை, வருவது நீர்த்தும் காரமாகவும் இருக்கும். இதுவரை இவ்வளவு மலம் படாத தோல் வெந்துபோகும். புண் வந்தபின் மருந்து தேடாமல், ஆபரேஷனுக்குப் பின் முதல் மலம் வருவதற்கு முன்பே துத்தநாக ஆக்சைடு உள்ள கெட்டியான களிம்பை வெண்ணெய் பூசுவதுபோல் தடிமனாகப் பூசத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் களிம்பை வழித்தெடுக்காதீர்கள், மேலே படிந்த மலத்தை மட்டும் நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, உலரவிட்டு, மேலேயே பூசுங்கள். வாசனை ஈரத்துணி வேண்டாம். வாய்ப்புள்ளபோதெல்லாம் துணியில்லாமல் காற்றுப் பட விடுங்கள். சிவந்த தோலின் ஓரத்தில் சிறு சிறு பொரிகள் தெரிந்தால் பூஞ்சை சேர்ந்துவிட்டது என்று பொருள், அதற்குத் தனிக் களிம்பு வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் எண்ணிக்கை குறைந்து புண் ஆறும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மருத்துவர் விரலோ, டைலேட்டர் என்ற விரிக்கும் கோலோ விட்டுத் தையல் வளையத்தின் அளவைப் பார்ப்பார். எல்லாக் குழந்தைக்கும் தினமும் வீட்டில் டைலேட்டர் விட வேண்டும் என்பதில்லை. குறுகியிருந்தால் மட்டும் செய்தால் போதும் என்ற பக்கம்தான் இப்போது பலர் வந்திருக்கிறார்கள். மருத்துவர் அப்படிப் பார்க்கும்வரை ஆசனவாயில் தெர்மாமீட்டர், சப்போசிட்டரி, எனிமா எதையும் வேறு யாரும் விடக் கூடாது. தையல் அறியாத பக்கத்துக் கிளினிக்கில் இது நடக்கலாம், எனவே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது, குடல் அழற்சி (என்டெரோகொலைட்டிஸ்). இந்த நோயில் குழந்தையின் உயிரை எடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆபரேஷனுக்கு முன்னும் வரும், நன்றாக முடிந்த ஆபரேஷனுக்குப் பின்னும் வரும், கொலாஸ்டமி இருக்கும்போதுகூட வரும். வெவ்வேறு ஆய்வுகளில் ஆபரேஷன் முடிந்த குழந்தைகளில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஒரு முறையாவது வந்திருக்கிறது. முதல் இரண்டு வருடங்களில் அதிகம். நீளமான பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது.

அறிகுறி: வயிறு உப்பி இறுகும், நாற்றமடிக்கும் நீர்மலம் பீய்ச்சி அடிக்கும், காய்ச்சல், வாந்தி, குழந்தை துவண்டு சோர்ந்து கிடக்கும். சிலருக்குப் பேதியே இருக்காது, உப்பலும் சோர்வும் மட்டும் இருக்கும். சாதாரண வயிற்றுப்போக்கில் வயிறு பொதுவாக ஒட்டிப்போகும். இதில் உப்பும். அந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் உள்ள அத்தனை பேரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், பாட்டி தாத்தா உட்பட. உள்ளூர் மருத்துவர் இதை வெறும் பேதி என்று எடுத்துக்கொண்டு ஓஆர்எஸ் எழுதிக்கொடுத்து அனுப்பினால் நேரம் போய்விடும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாதிரி மருந்து கொடுத்தால் இன்னும் மோசம், தேங்கிய மலத்தையும் கிருமியையும் உள்ளே அடைத்துவைப்பதாகிவிடும். "இவனுக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஆபரேஷன் ஆகியிருக்கு, என்டெரோகொலைட்டிஸா இருக்குமா பாருங்க" என்ற வாக்கியத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

லேசானதாக இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் வாஷும் போதும். காய்ச்சலும் துவளலும் இருந்தால் அட்மிட் ஆகி, வாய்வழி உணவை நிறுத்தி, நரம்பு வழி நீர், ஆன்டிபயாட்டிக், நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை வாஷ். இவற்றில் வாஷ்தான் தலையாயது. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துவிட்டு வாஷ் கொடுக்காமல் காத்திருப்பது பாதி வைத்தியம். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் தையல் புதிது என்பதால், குழந்தை அறுவை மருத்துவர் கையாலேயோ அவர் சொன்ன பிறகோதான் ட்யூப் விட வேண்டும்.

திரும்பத் திரும்ப அழற்சி வந்தாலோ, வயிறு உப்பி மலம் தங்கினாலோ, அடியில் ஏதோ தடை இருக்கிறது. தேட வேண்டிய வரிசை இது. முதலில் மயக்கம் கொடுத்து விரலால் பார்ப்பது, கூடவே கான்ட்ராஸ்ட் எனிமா: தையல் குறுகியிருக்கிறதா, குடல் முறுக்கியிருக்கிறதா, தசைக் குழாய் நெருக்குகிறதா, துயமெல் பை அடைத்திருக்கிறதா. அவை எதுவும் இல்லை என்றால் இழுத்துத் தைத்த குடலிலிருந்து மறுபடி பயாப்ஸி, பழைய வெட்டு முனையின் திசு ஒட்டிய கண்ணாடித் தகடுகளை எடுத்து மறுபார்வை. நரம்பணு சரியாக இல்லை என்றால் மறு ஆபரேஷன். பயாப்ஸி நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் உள் சுருக்குத்தசை. இந்த நோயில் அது தளர்ந்துகொடுக்காது, குடலை இழுத்துத் தைக்கும் எந்த ஆபரேஷனும் அதை மாற்றாது. அங்கே பொட்டுலினம் ஊசி போட்டால் மூன்று முதல் ஆறு மாதம் தளர்ந்து நிற்கும், தேவைப்பட்டால் மறுபடி போடலாம். வளர வளரக் குழந்தைகள் இதைச் சமாளிக்கப் பழகிவிடுவதால், தசையை நிரந்தரமாக வெட்டிவிடாமல் ஊசியிலேயே காலத்தைக் கடத்துவது நல்லது. வெட்டினால் பிற்காலத்தில் கசிவு வரும். இதெல்லாம் இல்லாமல் மேல் குடலே மந்தமாக இருப்பதும் உண்டு. வலித்த பழைய நினைவில் குழந்தை மலத்தை அடக்கி வைப்பதும் உண்டு.

மலக் கசிவுக்கு வருவோம். மூன்று நான்கு வயதுக்கு முன் இதை எடைபோட முடியாது. பள்ளி சேரும் வயதில் இது குழந்தையின் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. திட்டுவதும் அடிப்பதும் எதையும் மாற்றாது, பல நேரம் கசிவது குழந்தைக்கே தெரிவதில்லை. மருத்துவம் இரண்டு எதிரெதிர்த் திசையில் போவதால் இங்கே கவனம் தேவை. ஒரு வகைக் குழந்தைக்குக் குடல் நிரம்பி வழிகிறது: மலம் கட்டிப்பட்டுத் தேங்கி, அதைச் சுற்றி நீர்மலம் ஒழுகுகிறது. இன்னொரு வகைக்குக் குடல் வேகமாக ஓடுகிறது: தேங்க இடமில்லாமல் வந்ததெல்லாம் இறங்கிவிடுகிறது. ஜட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு வயிற்று எக்ஸ்ரேயும் கான்ட்ராஸ்ட் எனிமாவும் எடுத்தால் பிரித்துவிடலாம். விரிந்து மலம் நிறைந்த குடல் முதல் வகை, ஒடுங்கிக் காலியான குடல் இரண்டாவது.

முதல் வகைக்குக் குடலை முழுவதும் காலி செய்துவிட்டு, சென்னா மாதிரி குடலைத் தூண்டும் மருந்தைக் குழந்தைக்குத் தக்க அளவில் தினமும் கொடுக்க வேண்டும். அடக்கும் திறன் குறைந்த குழந்தைக்கு மலத்தை வெறுமனே இளக்கும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் கசிவுதான் அதிகமாகும். இரண்டாவது வகைக்கு லோபரமைடு அளவாக உதவும். உணவும் உதவும்: சாதம், உருளைக்கிழங்கு, ரொட்டி, வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள் நல்லது. பால், இனிப்பு, பழச்சாறு, எண்ணெயில் பொரித்தது, காரம் ஆகியவற்றைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரில் கரையும் நார்ச்சத்து, நம் கடைகளில் இசப்கோல், குறைந்த நீரோடு சாப்பாட்டுடன் கொடுத்தால் மலம் திரளும். முதல் வகைக் குழந்தைக்கு லோபரமைடு கொடுத்தால் அழற்சியை நாமே வரவழைக்கிறோம். இரண்டாவது வகைக்குப் பேதியாக்கும் மருந்து கொடுத்தால் பள்ளிக்கே போக முடியாது. படம் எடுத்துப் பார்க்காமல் எந்த மருந்தும் தொடங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

டென்டேட் கோடோ சுருக்குத்தசையோ போய்விட்ட குழந்தைக்கு மருந்து போதாது. தினமும் ஒரே நேரத்தில் எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்துவிட்டால், அடுத்த 24 மணி நேரம் துணி நனையாது. சலைன், தேவைக்குக் கிளிசரின், முக்கால் மணி நேரம் கழிப்பறையில் உட்கார்வது. சரியான அளவைப் பிடிக்க ஒரு வாரம், தினம் ஒரு எக்ஸ்ரே பார்த்து மாற்றுவார்கள். வளர்ந்த பிள்ளைகள் கீழ்வழி எனிமாவை விரும்ப மாட்டார்கள். அவர்களுக்கு அப்பெண்டிக்ஸை வயிற்றுத் தோலில், பெரும்பாலும் தொப்புளில், திறந்து மேலிருந்து நீர் விடும் முறை இருக்கிறது, 1990இல் மலோன் விவரித்தது. அதைத் தானே செய்துகொள்ளலாம்.

தேறிவரும் குழந்தைக்குச் சாப்பிட்ட 20, 30 நிமிடத்தில், காலையும் இரவும், கால் தரையிலோ முக்காலியிலோ ஊன்றியபடி ஐந்து பத்து நிமிடம் உட்காரும் பழக்கம் வேண்டும். பள்ளியில் ஆசிரியர் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதியும், பையில் மாற்று உடையும். பதின்ம வயதை நெருங்கும்போது பெரும்பாலோருக்குக் கட்டுப்பாடு கூடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் பெருங்குடல் முழுவதும் எடுக்கப்பட்டவர்களுக்கும் இது மெதுவாகவே வரும்.

முழுப் பெருங்குடல் நோயில் ஒன்று அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. சிறுகுடலில் ஸ்டோமா (மலம் பைக்குள் வர வயிற்றில் திறந்த வழி) இருக்கும் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், ஆனாலும் எடை ஏறாது. பால் மாற்றிப் பார்ப்பார்கள், கலோரி கூட்டுவார்கள். உண்மையில் பை வழியாக உப்பு போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் சோடியம் சரியாகத் தெரியும், சிறுநீரில் பார்த்தால் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். வாய்வழியாக உப்பு சேர்த்துக் கொடுத்ததும் எடை ஏறத் தொடங்கும். மாதம் ஒருமுறை செய்யக்கூடிய சுலபமான பரிசோதனை இது.

74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் ஹிர்ஷ்ஸ்ப்ரங் உட்பட ஏழு வகைப் பிறவிக் குடல், வயிற்றுக் கோளாறுகளைப் பார்த்த ஆய்வு 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இறப்பு ஏழை நாடுகளில் நூறில் 39.8, நடுத்தர வருமான நாடுகளில் 20.4, பணக்கார நாடுகளில் 5.6. நோய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். எப்போது கண்டுபிடித்தார்கள், எந்த நிலையில் குழந்தை வந்து சேர்ந்தது, வந்த இடத்தில் மயக்க மருத்துவரும் நர்ஸும் நரம்பு வழி உணவும் இருந்தனவா என்பதில்தான் இடைவெளி.

அடுத்த குழந்தையைப் பற்றிய கேள்விக்கு: உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு சராசரியாக நூறில் நான்கு. நீண்ட பகுதி நோய் என்றாலும், முதலில் பாதிக்கப்பட்டது பெண் குழந்தை என்றாலும் கூடுதல். அப்படிப்பட்ட குடும்பங்கள் ரெட் (RET) என்ற மரபணுவின் பரிசோதனை பற்றி மரபியல் மருத்துவரிடம் பேசுவது நல்லது. அந்த மரபணுவின் சில மாற்றங்கள் தைராய்டுப் புற்றுநோயோடும் தொடர்புள்ளவை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சுருக்கத் தாளோடு நின்றுவிடாமல் ஆபரேஷன் குறிப்பின் முழு நகலையும், பயாப்ஸி ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அதில் எந்த முறை, டென்டேட் கோட்டுக்கு எவ்வளவு மேலே தையல், எத்தனை செ.மீ. குடல் எடுக்கப்பட்டது, மேல் முனை வளையத்தில் நரம்பணு எல்லாப் பக்கமும் இருந்ததா என்ற நான்கும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுக் கட்டைகளின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் மறுபார்வை செய்ய நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.